கடலின் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் சென்னைப் பயணம் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. உங்கள் ஊர் சேலமாகவோ தருமபுரியாகவோ இருக்கலாம். இதுவரை கடலையே பார்த்திராத தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருக்கலாம். மாமா ஒரு காகிதத்தை எடுத்து மெரினா, வண்டலூர், கிண்டி, எழும்பூர் என்று எழுதிக்கொண்டே போகிறார். இது இடங்களின் பட்டியல்தான். பயணத் திட்டம் ஆவதற்கு இன்னும் ஒன்று குறைகிறது: எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது?

கடலோர நகரத்துக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அதை வெயிலும் காற்றும் அலையும் சேர்ந்து ஓட்டுகின்றன. அந்தக் கடிகாரத்தைப் படிக்கத் தேவையான பாடங்கள் எல்லாம் உங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆகவே இந்த முறை திட்டம் போடும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிப் போடுவது என்று பார்ப்போமா?

எந்த விடுமுறையில் போவது?

பள்ளி மாணவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டு, கோடை என்று மூன்று விடுமுறைகள். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. அந்த மாதங்களில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும்; புயல்களும் வரும். டிசம்பர் இறுதிக்குள் மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அரையாண்டு விடுமுறையின் கடைசி நாட்களும் பொங்கலை ஒட்டிய நாட்களும் சிறு குழந்தைகளுக்கு ஏற்ற காலம். அப்போது பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியசைச் சுற்றியே இருக்கும்.

ஆனால் பல குடும்பங்களுக்குக் கோடையில்தான் நேரம் கிடைக்கிறது. அதனால் தவறில்லை. கோடையில் போவதென்றால் கடிகாரத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கோடையும் கொண்டலும்

நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுகளுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்குக் காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதைப் பாருங்கள். சென்னையின் மே மாதப் பகல் முழுவதும் இந்தக் கோடைக்கும் கொண்டலுக்கும் நடக்கும் போட்டிதான்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.2 ஜூல் வெப்பம் வேண்டும். உலர்ந்த மணலுக்கு 0.8 ஜூல் போதும். அதாவது, நீருக்குத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு! மேலும் கடல் நீர் கலங்கிக்கொண்டே இருப்பதால் வெப்பம் ஆழத்துக்கும் பரவிவிடுகிறது. மணலிலோ அது மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஆகவே காலையில் ஒரே வெயில் விழுந்தாலும் நிலம் விரைவில் சூடேறுகிறது, கடல் சூடேறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி இலேசாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று. சென்னைக்குக் கடல் கிழக்கே இருப்பதால் இங்கே கடற்காற்று கொண்டலாக வருகிறது.

சாதாரண நாட்களில் இது நண்பகலை ஒட்டி நகருக்குள் நுழைந்துவிடும். வெப்பநிலையும் அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும். ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேற்கேயிருந்து வறண்ட கோடைக் காற்று பலமாக வீசினால், கடற்காற்று கரையிலேயே தடுத்து நிறுத்தப்படுகிறது. பிற்பகல் 2 மணி, 3 மணி ஆகியும் அது வராத நாட்களில்தான் நகரம் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் விதி: கடலிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா கடற்கரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கடற்காற்று அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். போகும் வழியில் சூடேறியும் விடும். பூங்காவின் பரப்போ 600 ஹெக்டேர். எனவே கதவு திறந்ததும் உள்ளே நுழைந்துவிடுங்கள்.

நிழல் இல்லாத நண்பகல்

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24 ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18 ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துபோகும். கோடை விடுமுறை முழுவதும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். இதன் நடைமுறைப் பொருள் என்ன? மற்ற நேரங்களில் ஒரு மதிலின் ஓரமாக நடந்தால் நிழல் கிடைக்கும். நண்பகலில் எந்த மதிலும் நிழல் தராது. மரமும் கூரையும் மட்டுமே நிழல் தரும். ஆகவே 11 மணி முதல் 3.30 வரை கூரைக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

இதற்காகவே அமைந்தவை போல இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1851 இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்குள்ள திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு மாலையில் கடலைப் பார்க்கும் குழந்தைக்கு, அந்த நீர்ப்பரப்புக்குள் எத்தனை பெரிய உயிர் வாழ்கிறது என்பது சொல்லாமலே விளங்கும். மற்றொன்று, 1988 இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம்.

வியர்வையின் கணக்கு

சேலத்தின் 39 டிகிரியைத் தாங்கும் பாட்டி, சென்னையின் 36 டிகிரியில் "புழுக்கம் தாங்கலையே" என்கிறார். ஏன்?

நம் உடல் வியர்வையால் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுவனின் உடலை 1 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 1,05,000 ஜூல் வெளியேற வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 44 கிராம் வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது. சொட்டிய வியர்வையால் பயன் மிகக் குறைவு. நீரும் உப்பும் நட்டமாகின்றன.

சிறு குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். ஒரு பெரிய பனிக்கட்டியையும் அதை நொறுக்கிய துண்டுகளையும் வெயிலில் வையுங்கள். துண்டுகள்தாம் முதலில் உருகும். எடையோடு ஒப்பிட்டால் அவற்றின் மேற்பரப்பு அதிகம். குழந்தையின் உடலும் அப்படியே. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது, குழந்தை பெரியவரைவிட வேகமாக வெப்பத்தை ஏற்கிறது. வியர்க்கும் திறனும் குழந்தைக்குக் குறைவு. "தாகமாக இருக்கிறது" என்று சொல்லவும் விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடும். எனவே கேட்கும்வரை காத்திராமல் அரைமணிக்கு ஒரு முறை தண்ணீரோ, உப்பிட்ட மோரோ, இளநீரோ கொடுங்கள். குழந்தை திடீரெனச் சோர்ந்து, தலைவலி, வாந்தி என்று சொன்னால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108 ஐ அழையுங்கள்.

மிக மெதுவானவரே அளவுகோல்

பல படிகளில் நடக்கும் ஒரு வேதிவினையின் வேகத்தை அதன் மிக மெதுவான படியே தீர்மானிக்கிறது என்று படித்திருப்பீர்கள். குடும்பப் பயணமும் அப்படித்தான். நான்கு வயதுத் தங்கையும் எழுபது வயதுப் பாட்டியும் நடக்கும் வேகமே மொத்தக் குடும்பத்தின் வேகம். மாமாவின் நடையை வைத்துக் கணக்கிட்டால் மாலைக்குள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருப்பார்கள்!

ஐந்து இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கு 120 வழிகள் உண்டு. ஆனால் விடுமுறை நாட்களையும் அருகருகே உள்ள இடங்களையும் பார்த்தால் பெரும்பாலானவை கழிந்துவிடும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமையும் வார விடுமுறை. கோடைக்காலத்தில் இது மாறுவதும் உண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. கோளரங்கமும் தொலைவில்லை. ஆகவே மூன்று நாள் பயணத்தை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் நாள்: காலையில் கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும், நண்பகலில் கோளரங்கம், மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை.

இரண்டாம் நாள்: காலையில் மின்சார ரயிலில் வண்டலூர், நண்பகலில் திரும்பி வந்து சாப்பாடு, தூக்கம், மாலையில் வேறெங்கும் போகாமல் ஓய்வு.

மூன்றாம் நாள்: விடியற்காலையில் மெரினாவில் சூரிய உதயம், நண்பகலில் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம், பிறகு மீண்டும் மெரினா மணல்.

ஓய்வுக்கென ஒரு மாலையை ஒதுக்கியதைக் கண்டு மாமா முணுமுணுக்கலாம். தங்கை தூங்கி எழுந்ததும் அதன் பயனை அவரே பார்ப்பார்.

கட்டுச்சோற்றின் அறிவியல்

வெதுவெதுப்பான, ஈரமுள்ள உணவில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. நான்கு மணி நேரத்தில் 12 முறை இரட்டித்தால், ஒன்று 4,096 ஆகிவிடும். மே மாதச் சென்னையில் பையில் இருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் அவற்றுக்கு வசதியான வீடு. தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடுவது இதனால்தான். புளியோதரை நெடுநேரம் தாங்குவது ஏன்? புளியின் அமிலமும், உப்பும், எண்ணெயில் வதங்கி நீர் சுண்டியதும் பாக்டீரியாவின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. பாட்டி கட்டித்தரும் கட்டுச்சோற்றில் இத்தனை இருக்கிறது. எனவே காலை உணவுக்கு இட்லி, மிளகாய்ப்பொடி, எண்ணெய், மதியத்துக்குப் புளியோதரை. சட்னியை வீட்டோடு நிறுத்திவிடுங்கள்.

கடற்கரையில்

இப்போது எல்லாரும் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். மெரினாவின் அகன்ற மணல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1870 களில் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாகியது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரிக்கப்பட்டது; அங்கே பாறைகளைக் கொட்டிக் கரையைக் காக்கவேண்டி வந்தது. ஒரு சுவர் இரண்டு கரைகளை மாற்றிவிட்டது!

கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறினால் ஒரு கணக்கும் போடலாம். நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கிடைக்கும். மணலில் நிற்கும்போது உங்கள் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் சுமார் 4.4 கிலோமீட்டர். 40 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் சுமார் 22.6 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதை இதைவிட எளிதாகத் தங்கைக்குக் காட்ட முடியாது.

இனி, இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறெதை மறந்தாலும் மறக்கக் கூடாத பகுதி.

அலை திரும்பும்போது காலடியில் மணல் நழுவுகிறதே, அந்தக் குறுகுறுப்பு எல்லாருக்கும் பிடிக்கும். குதிகாலைச் சுற்றி ஓடும் நீர் வேகம் கூடி மணலை அரித்துக்கொண்டு போகிறது என்பதே அதன் பொருள். நிற்கும் தரையே நகர்கிறது! ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. அரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள ஓர் அலைத்துண்டு அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் எதிரே 15 கிலோ எடையுள்ள குழந்தை எப்படி நிற்கும்? உங்களுக்கு முழங்கால் அளவு நீர் நான்கு வயதுத் தங்கைக்கு இடுப்பளவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அலைகள் கரையை நோக்கி நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும் அல்லவா? கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். தேங்கிய நீர், திட்டுகளுக்கு இடையேயுள்ள குறுகிய பள்ளத்தைக் கண்டுபிடித்து, ஆறுபோல் கடலுக்குள் பாய்கிறது. இதன் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். அவருடைய வேகமே வினாடிக்கு 2.16 மீட்டர்தான்! அத்தகைய நீரோட்டத்தை எதிர்த்து யாராலும் நீந்திக் கரைசேர முடியாது.

இதில் ஒரு பொல்லாத சூழ்ச்சி உண்டு. பள்ளத்தில் ஆழம் அதிகமாதலால் அங்கே அலைகள் உடைவது குறைவு. கரையிலிருந்து பார்த்தால் இருபுறமும் நுரை. நடுவே அமைதியான ஒரு சந்து. "இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று குழந்தைகள் ஓடுவது சரியாக அந்த இடத்துக்குத்தான். நீர் சற்றுக் கறுத்தோ கலங்கியோ தெரிந்து, நுரை கடலை நோக்கி நகர்ந்தால், அங்கே போகவே கூடாது.

மெரினாவில் கடலில் குளிக்க அனுமதி இல்லை. காவலர் விசில் ஊதுவது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு என்று எண்ணாதீர்கள். கால் நனைக்கும்போதும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொண்டு, கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

யாரேனும் இழுத்துச் செல்லப்பட்டால்? இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்துப் போராடிக் களைத்தவரே மூழ்குகிறார். சிக்கியவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தை விட்டு விலகிய பின் கரையை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் உடனே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அண்ணனும் நண்பனும் சேர்ந்து மூழ்கிய செய்திகளை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். மிதக்கும் எதையாவது, மூடிய வெற்றுத் தண்ணீர்க் கேனாக இருந்தாலும், வீசுங்கள். உரக்கக் கூவி அருகிலுள்ள மீனவரையும் காவலரையும் அழையுங்கள். 112 க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோவதும் நடக்கும். மணலில் இறங்குமுன்பே ஏதேனும் ஒரு சிலையைக் காட்டி, "பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில்" என்று சொல்லிவையுங்கள். அப்பாவின் தொலைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

கடலின் சிறு விருந்தாளிகள்

நீங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் போனால் இன்னொரு காட்சிக்கும் வாய்ப்பு உண்டு. அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணல் சூடு அதிகமாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குறைவாக இருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. வனத்துறையும் இப்பணியைச் செய்கிறது. வெளிச்சமான திசையே கடல் என்று குஞ்சுகள் நம்புவதால், தெருவிளக்கைப் பார்த்து நிலத்துக்குள் போய்விடுகின்றன. குஞ்சுகளைக் கடலில் விடும்போது அருகில் நிற்க நேர்ந்தால் கைவிளக்கையும் தொலைபேசி வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள்.

புறப்படுமுன் செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் உலர்ந்த மணலும் மற்றொன்றில் தண்ணீரும் நிரப்புங்கள். இரண்டையும் காலை 9 மணிக்கு வெயிலில் வைத்து, அரைமணிக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையேயுள்ள தூரம் விரிந்துகொண்டே போவதைக் காண்பீர்கள். சென்னையின் கடற்காற்று பிறப்பது அந்த இடைவெளியில்தான். பிறகு நிழலில் வைத்துக் குறித்துப் பாருங்கள். எது முதலில் குளிர்கிறது? அப்படியானால் இரவில் காற்று எந்தப் பக்கம் வீசும்?

விடையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கடலோர நகரத்துக்குப் போகும்போதும் அது உதவும். ஆனால் ஒவ்வொரு நகரத்தின் கடிகாரமும் வேறு. சென்னையில் கடலின் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அது 4, 5 மீட்டர் வரை போகும். அங்கே ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் பாதை ஏற்றத்தின்போது நீரில் மூழ்கிவிடும். எனவே மும்பைத் திட்டத்தில் ஏற்றவற்ற அட்டவணைக்கே முதலிடம்.

மாமாவின் பட்டியல் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே நேரத்தை எழுதுங்கள். அதற்குக் கீழே, கடற்கரையில் எந்தக் குழந்தையின் கையை யார் பிடிப்பது என்பதையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.